அலவன்திட்டுக்கு மட்டும் விலக்கு

சேற்றுக் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாவது வாரத்தில், காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்த வேம்புவுக்குக் கால்கள் வரவில்லை. மரத்துப் போயிருக்கும் என்று நினைத்துத் தொடையைத் தட்டிப் பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள். பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள். புருஷன் கலியமூர்த்தி வேம்புவைத் தூக்கிப் படகில் வைத்து, உப்பங்கழியைக் கடந்து அக்கரையில் இறக்கி, ஆட்டோ பிடித்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. அடுத்த மூன்று நாட்களில், கழி சூழ்ந்த அவள் ஊரான அலவன்திட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் அதேபோல் வந்து சேர்ந்தார்கள்.

செய்தி வந்தபோது ஹபீபா திருச்சியில், ஆய்வு மையத்தின் கேன்டீனில், ஆறிப்போன தேநீரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. கழுத்தெலும்புத் தேய்மானத்துக்காகப் பட்டை அணிந்திருந்தாள். அந்தத் தடுப்பூசி கிருமியின் எந்தப் பாகத்தைக் குறிவைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். மூவாயிரம் பேருக்குச் சோதனை ஊசி போட்டு முடித்து, ஒரு பெரிய கெடுதலும் இல்லை என்று அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தார்கள். போனில் பேசியவர் சொல்லி முடித்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கை வலித்தபோதுதான் எடுத்தாள்.

சேற்றுக் காய்ச்சல் டெல்டாவில் முன்பும் இருந்ததுதான். வயல் மண்ணில் வாழ்கிற கிருமி. காலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தால் உள்ளே போய்விடும். ஆனால் நான்கு வருடங்களுக்கு முன்பு கடல் உள்ளே ஏறி வந்து, வயல்களில் பதினைந்து நாள் நின்று வடிந்த பிறகு, அது எந்த மருந்துக்கும் அடங்காத ரகமாக மாறிப்போயிருந்தது. நாற்று நட இறங்கியவர்கள் பத்து நாளில் நுரையீரலில் சீழ் கோத்துப் படுத்தார்கள். நூறு பேர் படுத்தால் நாற்பது பேர் எழுந்திருக்கவில்லை. நான்கு மழைக்காலங்கள் இப்படியே போயின. ஹபீபா அந்த நான்கு வருடமும் சரியாகத் தூங்கியதில்லை. இப்போது தூங்கக் கிடைத்தாலும் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் காலையில் அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாள். வேம்பு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கலியமூர்த்தி கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவனிடம் கோபம் இல்லை. அதுதான் ஹபீபாவுக்குச் சங்கடமாக இருந்தது.

"திட்டுல மொத ஊசி இவதான் போட்டுக்கிட்டா," என்றான் அவன். "போன வருசம் சின்னவன் காய்ச்சல்ல போயிட்டான். நிதிசு. ஒம்பது வயசு. அதுக்கப்புறம் ஊசின்னு யாரு வந்தாலும் நான் வரேன்னு நின்னா. அவளைப் பாத்துட்டுதான் மத்த பதினஞ்சு பேரும் போட்டுக்கிட்டாங்க."

"தெரியும்," என்றாள் ஹபீபா. அது அவளுக்குத் தெரியாது. ஏன் அப்படிச் சொன்னாள் என்றும் தெரியவில்லை.

"ஊசில என்னாம்மா இருந்துச்சு?"

"கிருமி இல்லைங்க. கிருமியோட மேல்பக்கத்துல இருக்கிற ஒரு புரதம். அதுல ஒரு துண்டு மட்டும். அதை நம்ம உடம்புக்குக் காட்டிக் குடுத்தா, நாளைக்கு நிஜக் கிருமி வரும்போது அடையாளம் கண்டு அடிச்சிடும்."

"அந்தத் துண்டு இதுதான்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்." ஹபீபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காய்ச்சல் வந்த எழுநூறு பேர்கிட்டேருந்து கிருமியை எடுத்து, ஒவ்வொண்ணோட மரபணுவையும் எழுத்தெழுத்தாப் படிச்சு கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கோம். ஒரு கிருமிக்குள்ள ஆறாயிரம் புரதம் கிட்ட இருக்கும். அதுல எது வெளிய தெரியுது, எது எல்லா ரகத்துலயும் மாறாம இருக்குன்னு சலிச்சுக்கிட்டே வருவோம். அந்த புரோகிராமுக்கே நாங்க சல்லடைன்னுதான் பேர் வெச்சிருக்கோம்."

"சரி."

"கடைசியா ஒரு சலிப்பு உண்டு. அதுதான் முக்கியம். கிருமியோட புரதம் நம்ம உடம்புல இருக்கிற எதை மாதிரியும் இருந்துடக் கூடாது. இருந்தா, கிருமியை அடிக்கச் சொல்லி நாம பழக்கின உடம்பு, தன்னையே அடிச்சுக்கும்."

கலியமூர்த்தி வேம்புவின் கால்களைப் பார்த்தான். "அப்ப இவ காலை அடிச்சது இவ ஒடம்பேதானா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். கால் நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கும். அதைத்தான் அடிச்சிருக்கு. ரத்தம் எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்."

"நம்ம ஒடம்பு, நம்ம ஒடம்புங்கறீங்களே. நீங்க ஒப்பிட்டுப் பாத்தது எங்கள மாதிரி ஆளுங்களையும் வெச்சுத்தானே?"

அவன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஹபீபா, ரத்தம் எடுக்க வந்த நர்ஸுக்கு வழிவிடுவதுபோல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

மூன்று பேருடைய ரத்தத்தையும் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பினாள். மரபணுவைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. முடிவு வரும்வரை அவள் காத்திருக்கத் தேவையே இல்லை. ஜீப்பில் திரும்பும் வழியிலேயே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் காத்திருந்தாள். மூவருக்கும் நரம்புறையின் ஒரு புரதத்தில் ஒரே மாற்றம். மூன்றே மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்தால் புரதத்தின் ஒரு மூலை திரும்பி, தடுப்பூசியில் இருந்த துண்டின் அச்சாக ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பழைய சல்லடைப் பதிவைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய, ஒரு வியாழக்கிழமைப் பகல். நாற்பதாயிரம் வரிகளுக்கு நடுவே அந்த வரி இருந்தது. மனித ஒப்புமை: ஒருவர். டெல்டா, பெண், பெயர் இல்லை. ஒரு லட்சத்தில் ஒன்று. செயல்: விலக்கு. பக்கத்தில் அவளுடைய சுருக்கெழுத்து.

பதிவை அச்செடுத்துக்கொண்டு இயக்குநர் பூவராகனின் அறைக்குப் போனாள். அறுபதை நெருங்கும் மனிதர். அவருடைய தம்பி இரண்டாவது வருடக் காய்ச்சலில் இறந்தவர். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உலகத்துல எல்லாருமே இந்த எல்லையைத்தான் வெக்கிறாங்க, ஹபீபா. ஆயிரத்துல ஒருத்தருக்குக் கீழ இருக்கிற மாற்றத்தை விட்டுடலாம்னு. இது உங்க தப்பு இல்ல. முறை."

"முறையை நான்தான் சார் தேர்ந்தெடுத்தேன். அன்னிக்கு ரெண்டு தடவை ஓட்டினேன். யாரையும் விடாம ஓட்டினப்ப, கடைசில ஒரு குறியும் மிஞ்சல. சல்லடை காலியா இருந்தது. ஆயிரத்துல ஒருத்தருக்குக் கீழ விட்டுட்டு ஓட்டினேன். நாலு மிஞ்சுச்சு. நாலுல இது நல்லா இருந்தது."

"அந்த வாரம் எத்தனை பேர் செத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் விட்டேன். அதனால அது சரின்னு ஆகிடாது."

பூவராகன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. "வேற குறி தேட எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம்."

"எல்லாருக்கும் ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இந்த மாற்றம் இருக்கான்னு மட்டும்."

"மூணு மாவட்டம். இருபது லட்சம் பேர். ரெண்டு மாசத்துல முடியுமா? முடியும்னு நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

முடியாது என்று இருவருக்கும் தெரியும். பிறகு அவரே கேட்டார், "இந்த மாற்றம் இருக்கிறவங்க எங்க இருக்காங்க?"

"அலவன்திட்டு. அங்க பதினாறு பேருக்குப் போட்டதுல மூணு பேர். மத்த இடத்துல மூவாயிரத்துல ஒருத்தருக்கும் இல்ல. அந்தத் திட்டுக்குப் பாலமே ஆறு வருஷமாப் பேச்சுலதான் இருக்கு, இன்னும் வரல. தலைமுறை தலைமுறையா அவங்களுக்குள்ளயே கொண்டு கொடுத்துக்கறாங்க. அதனால அங்க தங்கிடுச்சு."

"அப்ப அலவன்திட்டுக்கு மட்டும் விலக்கு."

"அவங்கதான் சார் சேத்துலயே நிக்கிறவங்க. காய்ச்சல் அதிகமா வர்ற இடம் அது."

"தெரியும்." அவர் குரல் தளர்ந்திருந்தது. "நீங்களே எழுதிக் குடுங்க. எனக்கு வார்த்தை சரியா வராது."

அவளே எழுதிக் கொடுத்தாள். நான்கு வரி. அதை எழுத அவளுக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

மழைக்கு முன்பே ஊசி ஊர் ஊராகப் போனது. அந்த வருடம் டெல்டாவில் காய்ச்சல் வார்டுகளில் பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது. பத்திரிகைகளில் ஹபீபாவின் படம் வந்தது. கழுத்துப் பட்டையுடன், சிரிக்க முயல்வதுபோல் ஒரு படம். பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் அவள் மூன்று பேருக்குக் கால் போனதையும் சொன்னாள். சிலர் அதைப் போட்டார்கள், கடைசிப் பத்தியில்.

வேம்பு மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, நான்கு கால் ஊன்றியைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறி வீட்டுக்குப் போனாள். மற்ற இருவரில் ஒருவர் தேறவே இல்லை.

தை பிறந்த பிறகு ஒருநாள், அலவன்திட்டுக்குப் பொறுப்பான கிராம நர்ஸ் மேரி புஷ்பம் போன் செய்தாள்.

"மேடம், ஒரு தடவை வந்துட்டுப் போங்க. இங்க நிலைமை சரியில்ல."

"யாருக்காவது காய்ச்சலா?"

"காய்ச்சலும் இருக்கு. அது இல்ல. நீங்க வந்து பாருங்க."

ஹபீபா போனாள். உப்பங்கழியில் படகு மெல்லப் போக, எதிரே உட்கார்ந்திருந்த மேரி புஷ்பம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊசி போட்டவர்களுக்குப் பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள். திட்டுக்காரர்களுக்கு மஞ்சள் அட்டை. விலக்கு என்று அச்சடித்தது. வயல்காரர்கள் பச்சை அட்டை இல்லாதவர்களை நடவுக்கு இறக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். யாராவது படுத்தால் தங்கள் தலையில் விழும் என்ற பயம். முதலில் அது நியாயமாகக்கூடத் தெரிந்தது. பிறகு பேச்சு மாறியது. திட்டுக்காரர்கள் ரத்தமே வேறு என்றார்கள். அவர்களிடமிருந்துதான் காய்ச்சல் பரவுகிறது என்றார்கள். அக்கரைப் பள்ளியில் திட்டுப் பிள்ளைகள் தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், அவர்களுக்குக் காகிதக் கப்.

"நான் நாலு வரிதான் எழுதினேன்," என்றாள் ஹபீபா.

"நாலு வரி போதும் மேடம்," என்றாள் மேரி புஷ்பம். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளும் களைத்திருந்தாள்.

திட்டில் முப்பது நாற்பது பேர் படகுத்துறையிலேயே கூடியிருந்தார்கள். சண்டை போடுவார்கள் என்று ஹபீபா எதிர்பார்த்தாள். ஒரு பெண் முன்னால் வந்து, "எங்களுக்கும் போட்டுடுங்கம்மா," என்றாள். "காலு போனா போவுது. போடுறதுன்னா எல்லாருக்கும் போட்டுடுங்க. ஒழைக்க வுட மாட்டேங்குறாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க."

"சொல்லாம? காலு இருந்து எங்க நடந்து போறதும்மா?"

கூட்டம் கலைந்த பிறகு கலியமூர்த்தி அவளைத் தனியாகக் கூப்பிட்டான். வலைகள் காயும் இடத்தில் நின்றுகொண்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்துக் காட்டினான். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் பெயரில் இருந்தது.

"போட்டுக்கிட்டேன்," என்றான். "ஒன்றரை மாசம் ஆவுது. நடவு வேலைக்குப் போவலன்னா சோத்துக்கு வழி இல்ல. வேம்புக்குத் தெரியாது. தெரிஞ்சா கொன்னுடுவா."

ஹபீபா முதலில் அவன் கால்களைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

"மதமதப்பு? எரிச்சல்? எதுவும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லிங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன். நான் இந்தத் திட்டுல பொறந்தவன். எங்க அப்பன், பாட்டன் எல்லாரும் இங்கதான். எனக்கு ஒண்ணும் ஆவல. அப்ப எல்லாருக்கும் ஆவாதுல்ல?"

விரலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைச் சோதனைத் தாளில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் மாலைக்குள் முடிவு வந்தது. கலியமூர்த்திக்கு அந்த மாற்றம் இல்லை. அந்த நான்கு வரியை எழுதும்போதே அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்; திட்டில் எல்லோருக்கும் இருக்காது, யாருக்கு இருக்கிறது என்று பார்க்க நேரமில்லை என்றுதான் ஊரையே விலக்கினார்கள். நேரமில்லாதது மழைக்கு முன்னால். மழை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் ஏன் அந்த ஒரு மாதமும் சும்மா இருந்தாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். களைப்பு என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அது பதிலாகத் தோன்றவும் இல்லை.

பூவராகனிடம் போய்த் திட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றாள். அவர் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

எட்டு நாள் அவளும் மேரி புஷ்பமும் வீடு வீடாகப் போனார்கள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். சிலர் கதவைச் சாத்தினார்கள், மறுநாள் திறந்தார்கள். சோதனையில் நூற்று எழுபது பேருக்கு மாற்றம் இருந்தது. மீதிப் பேருக்குத் தாராளமாக ஊசி போடலாம். இந்த நூற்று எழுபது பேரைக் காய்ச்சலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்காகத்தான் ஹபீபா மேரி புஷ்பத்தின் காய்ச்சல் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். இதுவரை திட்டில் படுத்தவர்கள் அறுபத்தோரு பேர். இறந்தவர்கள் இருபத்து நான்கு. அத்தனை பேருடைய ரத்தமும் மையத்தின் குளிரறையில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தாள்.

அறுபத்தோரு பேரில் ஒருவருக்குக்கூட அந்த மாற்றம் இல்லை.

ஏதோ பிழை என்று நினைத்து மறுபடியும் செய்தாள். மூன்றாவது முறை செய்தாள். பிறகு பூவராகனின் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவர் சொன்ன பிறகுதான் உட்காருவாள்.

"கிருமி நம்ம செல்லுக்குள்ள நுழையணும்னா ஒரு பூட்டைத் திறக்கணும் சார். நாம குறிவெச்ச அந்தப் புரதம்தான் அதோட சாவி. அதனாலதான் எல்லா ரகத்துலயும் அது மாறாம இருக்கு. இவங்க உடம்புல அதே மாதிரி ஒரு சாவி பொறந்ததுலேருந்தே பூட்டுக்குள்ள கிடக்கு. கிருமி வருது, நுழைய இடமில்லாம செத்துப் போகுது."

பூவராகன் மெதுவாகக் கேட்டார். "அப்ப, நம்ம ஊசி யாருக்குக் காலை எடுக்குமோ..."

"அவங்களுக்கு ஊசியே தேவையில்ல. என்னிக்குமே தேவைப்படல."

"இதை நல்ல சேதியாத்தான் வெளிய சொல்லணும்," என்றார் அவர். "நூத்தி எழுபது பேருக்கு இயற்கையாவே காப்பு. மத்தவங்களுக்கு ஊசி. மஞ்சள் அட்டையைத் தூக்கிடலாம். எல்லாருக்கும் பச்சை."

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒருத்தங்ககிட்ட சொல்லிட்டு வரேன்."

வேம்பு வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கூடையிலிருந்த நண்டுகளின் கால்களை நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். ஊன்றி சுவரோரம் சாய்ந்திருந்தது. காலைச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவை. ஹபீபா தரையிலேயே அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதலில் பழைய சல்லடைப் பதிவிலிருந்த அந்த வரியைப் பற்றிச் சொன்னாள். ரத்தம் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

வேம்பு கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சே வுட்டீங்களா?"

"தெரிஞ்சேதான். ஒரே ஒரு ஆள்னு."

"அது யாரு அந்த ஆளு?"

"பேர் இல்ல. டெல்டால ஒரு பொம்பளைன்னு மட்டும் இருந்துச்சு."

"பேரு போட்டிருந்தா வுட்டுருக்க மாட்டீங்களா?"

ஹபீபா யோசித்தாள். பொய் சொல்ல அவளிடம் தெம்பு மிச்சமில்லை. "தெரியல வேம்பு. விட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்."

வேம்பு தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டதாகவும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. ஹபீபா மீதியையும் சொன்னாள். சாவி, பூட்டு, எல்லாம். வேம்புவுக்கு அந்தக் காய்ச்சல் வரவே வராது என்பதையும், அவள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம் என்பதையும் சொன்னாள். இதற்குத்தான் அழுவாள் என்று நினைத்தாள். வேம்பு ஒரு நண்டைக் கட்டி முடித்துக் கூடையில் போட்டுவிட்டு, வேறொன்றைக் கேட்டாள்.

"நிதிசு ரத்தம் உங்ககிட்ட இருந்திச்சா?"

"இருந்தது."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன். அவனுக்கு அந்த மாற்றம் இல்ல."

"எங்கிட்ட இருக்கு."

"ஆமா."

"பத்து மாசம் சொமந்தேன். இதைக் குடுக்கலயா அவனுக்கு?"

"அது நம்ம கையில இல்ல வேம்பு. உங்க வீட்டுக்காரருக்கு இல்ல, உங்களுக்கு இருக்கு. பிள்ளைக்குப் போறது பாதிக்குப் பாதி. நாணயத்தைச் சுண்டிவிடற மாதிரி. நீங்க எதுவும் செஞ்சிருக்க முடியாது."

வேம்பு அடுத்த நண்டை எடுத்தாள். அதன் கொடுக்கு விரலைக் கவ்வியது. அதை விடுவிக்கக்கூட அவள் அவசரப்படவில்லை. ரத்தம் துளிர்த்த பிறகு ஹபீபாதான் கொடுக்கைப் பிரித்துவிட்டாள். விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, வேம்பு வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே மகள் கனிஷ்கா, பன்னிரண்டு வயது, குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு?"

ஹபீபாவின் பையில் அந்தக் காகிதம் இருந்தது. எடுக்கத் தேவையில்லை. "இவளுக்கும் இல்ல."

"அப்ப இவளுக்குக் காய்ச்சல் வரும்."

"வரலாம். வராம இருக்கணும்னா ஊசி போடணும்."

"அந்த ஊசியா? அதே ஊசியா?"

"அதேதான்."

வேம்பு சுவரோரமிருந்த ஊன்றியை இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல மெல்ல எழுந்து நின்றாள். அதற்கு அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஹபீபா உதவப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். நின்ற பிறகு சொன்னாள், "இந்தத் தடவை நான் சரின்னு சொல்ல மாட்டேன். வேணாம்னும் சொல்ல மாட்டேன். ஒருக்கா சொன்னதே போதும். அவளைக் கேளுங்க. எல்லாத்தையும் சொல்லிட்டுக் கேளுங்க. எனக்கு ஆனதையும் சேத்து."

மறுநாள் காலை, திட்டில் இருந்த ஒற்றை அறைச் சமுதாயக் கூடத்தில் ஊசி தொடங்கியது. மேரி புஷ்பம் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். ஐம்பது பேர்போல வந்திருந்தார்கள். யாரும் முதலில் போக முன்வரவில்லை. எல்லோரும் கனிஷ்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கலியமூர்த்தி வாசல்படியில் நின்றான். வேம்பு ஊன்றியைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நின்றாள். ஹபீபா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒப்புதல் படிவத்தின் ஏழு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தாள். இதுவரை எந்த ஊரிலும் யாருக்கும் அதை அவர்கள் முழுதாகப் படித்துக் காட்டியதில்லை. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள்.

முடித்ததும் கனிஷ்கா கேட்டாள். "போடலன்னா எனக்குக் கண்டிப்பா காய்ச்சல் வருமா?"

"கண்டிப்பா இல்ல. வரலாம். சேத்துல இறங்காம இருந்தா குறையும்."

"எறங்காம எப்படி இருக்குறது?" கேட்டுவிட்டு அவளே விட்டுவிட்டாள். "போட்டா?"

"ரெண்டு நாள் கை வலிக்கும். உடம்பு சுடும். காலுக்கு ஒண்ணும் ஆகாது."

"நிச்சயமா?"

இதுபோன்ற கேள்விக்கு ஹபீபா எப்போதும் ஒரு எண்ணைச் சொல்வாள். தொண்ணூற்று ஒன்பது புள்ளி இத்தனை என்று. அந்த எண் இப்போதும் அவளிடம் இருந்தது. முன்பு இருந்ததைவிட நல்ல எண். "உன் ரத்தத்தை மூணு தடவை பார்த்தேன். அதனால நிச்சயம்னு நினைக்கிறேன்," என்றாள். "ஆனா உங்கம்மா விஷயத்துலயும் நான் நிச்சயம்னுதான் நினைச்சேன்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். கனிஷ்கா திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். வேம்பு அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊன்றியின் மேல் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. பிள்ளை கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மேரி புஷ்பத்தின் பக்கம் திரும்பி, சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டது.

"எடது கையில போடுங்க," என்றாள் கனிஷ்கா. "திங்கக்கிழமை எனக்குப் பரீட்சை இருக்கு."